நாற்காலி கொடுத்தோம், நேரம் கொடுத்தோமா?



உங்கள் ஊராட்சித் தலைவராக இருந்தவர் யார் என்று யாராவது கேட்டால், சட்டென்று உங்கள் வாயில் வருவது யாருடைய பெயர்? தேர்தலில் நின்று ஜெயித்த பெண்ணின் பெயரா, அவருடைய வீட்டுக்காரர் பெயரா?

நம் பக்கத்துக் கிராமங்களில் நடமாடுகிற எவருக்கும் இது தெரிந்த கதைதான். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தலைவர் நம்பருக்குப் போன் போட்டால், எடுப்பவர் கணவர். "சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பார். பொங்கல் வாழ்த்து பேனரில் தலைவர் படம் ஒரு மூலையில் இருக்கும், கணவர் படம் நடுவில் இருக்கும். தலைவர் எங்கே என்று கேட்டால், "வீட்ல சமையல்ல இருக்காங்க" என்று பதில் வரும். கேட்டவருக்கும் அது உறுத்தாது, சொன்னவருக்கும் உறுத்தாது.

இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன். 2019 டிசம்பரில் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த ஐந்து வருடத்தில் என்ன கற்றுக்கொண்டோம்? அடுத்த முறை பெண்களுக்கு உரிய இடங்களை எப்படி நிரப்பப் போகிறோம்? இதை வேட்புமனு வாங்கும் வாரத்தில் யோசித்தால் நேரம் போதாது. இப்போதே வீட்டுக்குள் பேசிவிட வேண்டும்.

திருவாலங்காட்டுக்காரர்களுக்கு இதைப் பற்றிப் பேசத் தனி உரிமையே உண்டு. அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவரான காரைக்கால் அம்மையார் வந்து தங்கிப் பாடிய தலம் நம் ஊர். நம் ஊர்க் கோயிலின் ரத்தின சபையில் ஆடுகிற நடராசருக்கு அருகில் இன்றைக்கும் அவருக்கு இடம் இருக்கிறது. குடும்ப வாழ்க்கையை விட்டு வெளியே வந்து, தன் பாட்டைத் தானே பாடிய ஒரு பெண்ணை ஊரே கும்பிடுகிற மண் இது.

கூப்பிடு தூரத்தில் இருக்கிற பழையனூருக்கு வேறொரு கதை உண்டு. நீலி கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையில் பேயைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் பயந்தோம். கதை நடக்கிற இடத்தைக் கவனித்தோமா? அது ஓர் ஊர்ச் சபை. உட்கார்ந்திருக்கிற எழுபது பேரும் ஆண்கள். முற்பிறவியில் கணவன் கையாலேயே செத்துப் பேயான நீலி அவர்கள் முன்னால் வழக்காட வந்து நிற்கிறாள். வழக்கு பெண்ணுடையது, தீர்ப்பு ஆண்களுடையது. நம் ஊர்ப் பஞ்சாயத்து காலங்காலமாக நடந்த விதமும் அதுதானே?

அதை மாற்றியது சட்டம். அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றது. அதை ஒட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 தேர்தலில் முதல் தடவையாக ஆயிரக்கணக்கான பெண்கள் ஊராட்சி அலுவலகத்துப் படி ஏறினார்கள். 2016-இல் அந்த மூன்றில் ஒரு பங்கு பாதியாக உயர்ந்தது.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள், 526 கிராம ஊராட்சிகள். கும்மிடிப்பூண்டியிலிருந்து பள்ளிப்பட்டு வரை இவற்றில் ஏறக்குறைய பாதியில் ஒரு பெண் தலைவராக உட்கார வேண்டும். இது யாரும் போட்ட பிச்சை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் சட்டத்தால் நாற்காலியைத்தான் போட முடியும். அதில் அந்தப் பெண்ணை உட்கார விடுவதும் விடாததும் ஊர் கையில், அதற்கும் முன்னால் வீட்டின் கையில் இருக்கிறது.

உட்கார விடாத கதை நம் மாவட்டத்திலேயே நடந்தது. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமிர்தம். பட்டியலினத்தைச் சேர்ந்தவர். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊர்ப் பள்ளியில் சுதந்திர தினக் கொடியை ஏற்ற வேண்டியவர் அவர்தான். ஏற்ற விடவில்லை. ஓட்டு எண்ணி, சான்றிதழ் வாங்கி, பதவிப் பிரமாணம் எடுத்த ஒரு தலைவருக்குத் தன் ஊர்ப் பள்ளியில் ஒரு கயிற்றை இழுத்துக் கொடியேற்றும் உரிமைகூடக் கிடைக்கவில்லை.

செய்தி வெளியே வந்ததும் மாவட்ட நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. ஐந்தே நாளில், ஆகஸ்ட் 20 அன்று, அப்போதைய ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமார் முன்னிலையில் அமிர்தம் தேசியக் கொடியை ஏற்றினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்கும் பதிவானது. ஒரு பெண் தலைவருக்கு அருகில் இன்னொரு பெண், ஆட்சியராக நின்ற அந்தப் படம் பல பத்திரிகைகளில் வந்தது.

அந்தப் படத்தை நாம் இரண்டு விதமாகப் பார்க்கலாம். அரசு நினைத்தால் ஐந்து நாளில் நியாயம் கிடைக்கும் என்பது ஒன்று. ஆட்சியரே காரெடுத்து வந்தால்தான் ஒரு தலைவரால் கொடியேற்ற முடிகிறது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். நம்மைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டியது இரண்டாவது.

அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து இன்னொரு படம் வந்தது. ஊராட்சி மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருந்தார். அவரும் பட்டியலினத்துப் பெண். 2022 ஆகஸ்டில், பட்டியலினத் தலைவர்கள் எந்தத் தடையும் இல்லாமல் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு பெண் தலைவரானால் ஆண் என்கிற திமிர் எதிரே வரும். அவர் பட்டியலினத்தவர் என்றால் சாதித் திமிரும் சேர்ந்துகொள்ளும். பெண் சமத்துவம் பேசும்போது சாதியைப் பேசாமல் தாண்டிப் போனால், நாம் பாதிப் பெண்களை மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

"சரி, பெண் தலைவராக வந்தால் ஊருக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலும் ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ என்ற இருவர் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டுஃப்லோ 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர்கள் கண்டது இதுதான்: பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிதண்ணீருக்கு அதிக வேலை நடந்திருந்தது. காரணம் சொல்லவா வேண்டும்? குடம் தூக்குகிறவருக்குத்தான் குழாயின் அருமை தெரியும்.

2012-இல் டுஃப்லோ உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. பீர்பூமில் 495 கிராமங்களில் எடுத்த கணக்கு. பெண் தலைவர்களைத் தொடர்ந்து பார்த்த ஊர்களில், பெற்றோர் மகன் மீது வைக்கும் ஆசைக்கும் மகள் மீது வைக்கும் ஆசைக்கும் இருந்த இடைவெளி 25 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த ஆசையில் அந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்திருந்தது. படிப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசமே போயிருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரமும் குறைந்திருந்தது.

அந்தத் தலைவர்கள் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பள்ளிக்கூடம் ஒன்றும் கட்டிவிடவில்லை. ஒரு பெண் ஊரை நடத்துவதைச் சிறுமிகள் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். நம் வீட்டுப் பெண் குழந்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தலைவர் பெயர் பலகையில் ஒரு பெண்ணும் நாற்காலியில் அவர் கணவரும் இருந்தால், அதிலிருந்தும் அவள் ஒன்றைக் கற்றுக்கொள்வாள் இல்லையா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் வங்கிக் கணக்குக்கே போனது. 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

காலை உணவுத் திட்டத்தை ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கிய விழா நடந்ததே நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான், 2024 ஜூலை 15 அன்று. அந்த உப்புமாவும் பொங்கலும் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பள்ளி மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்க வேண்டுமென்றால் அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? அப்படி எழுந்து நூறு பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துச் சமைக்கிறவருக்கு ஊராட்சிக் கணக்குப் பார்க்க வராது என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் கணக்கில் விழுந்தது சரி. ஏடிஎம் கார்டு யார் பையில் இருக்கிறது? பஸ்ஸில் டிக்கெட் வாங்க வேண்டாம். பஸ் ஏறுவதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதா? அரசு போடுகிற திட்டம் வாசல் வரைக்கும்தான் வரும். வாசலுக்கு உள்ளே நடப்பதற்கு நாம்தான் பொறுப்பு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு மத்திய அரசே எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 289 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். கிட்டத்தட்ட மூன்றேகால் மணி நேரம் வித்தியாசம். அந்த மூன்றேகால் மணி நேரத்தில்தான் ஆண்கள் டீக்கடையில் ஊர் விவகாரம் பேசுகிறார்கள், ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் வருகிறார்கள், யாரைப் பார்த்தால் எந்த வேலை நடக்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள். பிறகு வீட்டுக்கு வந்து, "உனக்கு ஊர் நெளிவு சுளிவு என்ன தெரியும்?" என்று கேட்கிறார்கள்.

கிராமசபையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நான்கு நாள் அரசு விடுமுறை. விடுமுறை என்றால் வீட்டில் என்ன நடக்கும்? எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகள் ஸ்பெஷலாக ஏதாவது கேட்பார்கள். விருந்தாளிகள் வருவார்கள். கூட்டம் காலை பதினொரு மணிக்குக் கூடும்போது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஊர் பேசுகிற நேரமும் சமையல் நடக்கிற நேரமும் ஒன்றாக இருந்தால், சபைக்கு யார் போவார், அடுப்படியில் யார் நிற்பார்?

அப்படியும் பெண்கள் வருகிறார்கள். வருகிறவர்களில் பலர் நூறு நாள் வேலைக்குப் போய் வந்தவர்கள். அந்த வேலையில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்றது சட்டம். தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்களே இருந்தார்கள். வந்து என்ன செய்கிறார்கள்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். பாயிலோ திண்ணையிலோ உட்காருகிறார்கள். தீர்மானம் படிக்கப்படுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கும் நாலைந்து ஆண்கள் பேசுகிறார்கள். ஒரு பெண் எழுந்து நின்றால், பின்னாலிருந்து ஒரு குரல்: "நீ இன்னா பேசப் போற, உக்காரு." அவர் உட்கார்ந்துவிடுகிறார். டீயும் பிஸ்கட்டும் வருகின்றன, கூட்டம் முடிகிறது.

500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கிராமசபையே செல்லும். அந்தக் கணக்கைப் பெரும்பாலும் நிரப்பிக் கொடுப்பவர்கள் பெண்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் கூட்டம் இல்லை என்றால், அவர்கள் பேச்சு இல்லாமல் மட்டும் எப்படித் தீர்மானம் போடலாம்?

அவர்கள் பேசினால் என்ன பேசுவார்கள்? நம் பக்கத்து வாழ்க்கையைப் பார்த்தாலே தெரியும். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள்! கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தெரு வரை இருட்டு. அரக்கோணம் லோக்கல் ட்ரெயினில் வந்து திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்குகிற பெண்ணுக்கு ஊருக்குள் வர இன்னும் சில கிலோமீட்டர் இருக்கிறது. வீட்டில் அம்மா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். அப்பாவோ அண்ணனோ பைக் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் ஆள் இல்லை என்றால், "வேலையை விட்டுடும்மா" என்ற பேச்சு ஆரம்பிக்கும்.

மூன்று மின்கம்பத்தில் விளக்கு எரிந்தால் தீரக்கூடிய ஒரு விஷயம், ஒரு பெண்ணின் சம்பாத்தியத்தையே நிறுத்திவிடுகிறது. தெருவிளக்கு யார் பொறுப்பு? ஊராட்சியின் பொறுப்பு. இதற்குச் சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை. கிராமசபையில் ஒரு பெண் எழுந்து, எந்தக் கம்பம், எந்தத் தெரு என்று சொன்னால் போதும். கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால் அதற்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையிலோ பட்டறையிலோ இருக்கிறவர், முதலாளியே பாலியல் தொல்லை கொடுத்தால் எங்கே போவார்? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆபத்து, அவசரம் என்றால் 181 என்ற எண் இருக்கிறது. இந்த இரண்டையும் ஊராட்சி அலுவலகச் சுவரில், ரேஷன் கடைச் சுவரில், அங்கன்வாடிச் சுவரில் பெயிண்ட்டில் எழுதிப் போட எவ்வளவு செலவாகும்? தெரியாத உரிமை இருந்து என்ன பயன்?

ஊராட்சி நினைத்தால் இதைவிடப் பெரிய காரியமும் செய்யலாம். மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். கொரோனாவில் இளம் வயது ஆண்கள் பலர் போய்விட்டார்கள். அவர்கள் மனைவிமார் பட்ட பாட்டைப் பார்த்த ஊர், 2022 மே மாதம் கிராமசபையைக் கூட்டித் தீர்மானம் போட்டது. கணவன் இறந்தால் பெண்ணின் தாலியை அறுப்பது, வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, மெட்டியைக் கழற்றுவது, இனி இந்த ஊரில் இல்லை என்றது தீர்மானம். இரண்டு வாரத்துக்குள் மாநில அரசே மற்ற ஊராட்சிகளையும் அதைப் பின்பற்றச் சொல்லி ஆணை போட்டது. ஒரு சின்ன கிராமம் மாநிலத்துக்கே வழி காட்டியது.

பக்கத்துக் கேரளத்தில் உள்ளாட்சிகள் தங்கள் திட்டப் பணத்தில் பத்து சதவீதத்தைப் பெண்களுக்கான வேலைகளுக்கென்றே ஒதுக்க வேண்டும். 1990-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே இது நடைமுறை. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ குழுக்களில் பேசிப் பழகிய பெண்களில் ஏராளமானவர்கள் பிறகு தேர்தலில் நின்று உறுப்பினர்களானார்கள். நமக்கும் சுயஉதவிக் குழு புதிதா? 1989-இலேயே தருமபுரியில் தொடங்கியவர்கள் நாம். வாராவாரம் கூடி, பாஸ் புத்தகம் பார்த்து, கடன் கொடுத்து வாங்கி, வங்கி மேனேஜரிடம் நேருக்கு நேர் பேசிப் பழகிய பெண்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தேர்தல் வரும்போது மட்டும் வேட்பாளருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாரோ ஒருவருடைய மனைவியை ஏன் கொண்டு வந்து நிறுத்துகிறோம்?

ஊராட்சிகளுக்கு இன்று வைத்திருக்கிற ஒன்பது இலக்குகளில் ஒன்பதாவது, பெண்களுக்கு உகந்த ஊராட்சி. 2025 மார்ச்சில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம், மாவட்டத்துக்கு ஒரு ஊராட்சியையாவது இதற்கு முன்மாதிரியாக ஆக்க வேண்டும் என்று ஒரு திட்டம் தொடங்கியது. எந்த ஊர் என்று யாரோ பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? எங்கள் ஊராட்சி இதற்குத் தயார் என்று திருவாலங்காடு ஒன்றியத்து ஊர் ஒன்றே கிராமசபைத் தீர்மானம் போட்டு அனுப்பினால் யார் தடுக்கப் போகிறார்கள்?

இப்போது வீட்டு ஆண்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

மனைவி தலைவரானதும் "அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் கூட இருக்கிறேன்" என்று நீங்கள் போவது பாசத்தில்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் தலைவரும் துணைத் தலைவரும். தணிக்கையில் ஒரு கேள்வி வந்தால் நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும். பதவி பறிபோனாலும் அவருக்குத்தான். எல்லா முடிவும் உங்களுடையது, பழி மட்டும் அவருடையது என்றால், அது என்ன துணை?

முதல் தடவை தலைவராகிற ஆணுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தா இருக்கிறது? அவரும் ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறார். முதல் நாளே யாருக்குக் குழம்பு கைகூடியது? நாலு நாள் உப்பு கூடும், நாலு நாள் காரம் குறையும், ஐந்தாவது நாள் கை பழகிவிடும். பழகுவதற்கு முன்னாலேயே கரண்டியைப் பிடுங்கிவிட்டு, சமைக்கத் தெரியாது என்று சொல்வது நியாயமா?

தலைவரின் கணவர் செய்யக்கூடிய நல்ல உதவி ஒன்று இருக்கிறது. அவருடைய போனை அவர் கையில் கொடுங்கள். கூட்டம் இருக்கிற நாளில் நீங்கள் வீட்டில் இருந்து பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். அவர் திரும்பி வந்து களைத்து உட்காரும்போது ஒரு காபி கொடுத்து, இன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டால் போதும், தீர்மானம் சொல்ல வேண்டாம்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் கிராமசபைக்குக் கிளம்பும்போது, "ஊர் மேயப் போறா" என்று சொல்கிற பழக்கத்தை உங்கள் தலைமுறையோடு நிறுத்திவிடுங்கள், அம்மா. உங்களைப் பேசவிடாத காலத்தில் நீங்கள் எத்தனை வார்த்தையை விழுங்கினீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் மருமகளும் அப்படியே விழுங்க வேண்டுமா?

பெண்களிடம் சொல்ல இருப்பது இதுதான். தயக்கம் இருப்பது தப்பில்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் சேர்ந்து போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள். முந்தின நாள் குழுக் கூட்டத்திலேயே எதைக் கேட்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விளக்கா, குடிதண்ணீர் விடுகிற நேரமா, அங்கன்வாடிக் கழிப்பறையா, ஏதாவது ஒன்றே ஒன்று. மனுவாக எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து பேசும்போது யாராவது உட்காரச் சொன்னால், மற்ற ஒன்பது பேரும் எழுந்து நில்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே மனுவைப் பற்றிக் கேளுங்கள்: என்ன ஆயிற்று?

இரண்டாவது கூட்டத்தில் கேட்கும்போதுதான் ஊர் உங்களைக் கவனிக்க ஆரம்பிக்கும். இப்படிக் கேட்டுப் பழகியவர்களில் ஒருவர்தான் நாளைக்குத் தலைவராக நிற்க வேண்டியவர். அவரை இப்போதே அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தத் தேர்தல் நாள். ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு ஒரு கூட்டம் வரும். முன்னால் கணவர் கும்பிட்டுக்கொண்டு வருவார், பின்னால் வேட்பாளர் தலைகுனிந்து வருவார். அப்போது மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க கொஞ்சம் இருங்கண்ணே. நிக்கிறது அக்காதானே? அக்கா, நீங்க சொல்லுங்க. ஜெயிச்சா எங்க தெருவுக்கு என்ன செய்வீங்க?" அவர் பதில் சொல்லட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை, அவரே சொல்லட்டும். தெருவுக்குத் தெரு இந்தக் கேள்வி வந்தால், அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் வேட்பாளரைத் தேடும் முறையே மாறிவிடும்.

பிள்ளைகளையும் கிராமசபைக்குக் கூட்டிப் போங்கள். மகளை மட்டும் கூட்டிப் போனால் போதாது, மகனையும் கூட்டிப் போங்கள். தன் அம்மா எழுந்து நின்று கேள்வி கேட்பதையும், அதிகாரி எழுதிக்கொள்வதையும் பார்த்து வளர்கிற பையன், நாளைக்குத் தன் மனைவியின் போனைப் பிடுங்கமாட்டான்.

ஆத்துப்பாக்கத்தில் ஐந்து நாளில் அரசு செய்து காட்டியதை, நம் ஊரில் எந்த ஆட்சியரும் வராமல் நாமே செய்துகொள்ள முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அடுத்த கிராமசபை எந்தத் தேதி என்று காலண்டரில் இன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்குச் சமையல் யார் பொறுப்பு என்பதையும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

போய்வந்து எனக்கு எழுதுங்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, யார் தடுத்தார்கள், யார் துணை நின்றார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்